பத்தாவது கணக்கு: வீட்டில் போட்டா வருது, பரீட்சையில் வரலை. எப்படிப் பயிற்சி கொடுக்கிறது?

கயல்_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு பத்தாவது படிக்கிறா, ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம். காலாண்டில் கணக்கு 61, அரையாண்டில் 58. மத்த பாடம் எல்லாம் 85க்கு மேல. உழைக்காத பிள்ளைன்னு சொல்ல முடியாது. ராத்திரி பத்து பத்தரை வரை உட்கார்ந்து நோட்டு நோட்டா நிரப்புறா. நான் புத்தகத்தைக் கையில் வச்சுக்கிட்டு ஒரு கணக்கைச் சொன்னா போட்டுக் காட்டிடுறா. ஹாலுக்குப் போனா மட்டும் "எங்கேயோ பார்த்த கணக்கு மாதிரி இருக்குமா, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை"ன்னு இடம் விட்டுட்டு வந்துடுறா. ட்யூஷன்ல ஒரே கணக்கைப் பத்து தடவை எழுதிட்டு வரச் சொல்றாங்க. அது பயிற்சியா தண்டனையான்னே புரியலை. பப்ளிக் எக்ஸாம் வரைக்கும் இருக்கிற நாளில் என்ன செய்யலாம்? எனக்குக் கணக்கு அவ்வளவா வராது, அதையும் மனசில் வச்சு சொல்லுங்க.

வெட்டிப்பேச்சு_வேலு
அக்கா, பயப்படாதீங்க. வினாத்தாளில் 43, 44வது கேள்வி ரெண்டும் சேர்ந்து 16 மார்க். செய்முறை வடிவியல், கிராஃப். இதை அடிச்சா பாஸ் பாதி முடிஞ்சது. ஒரு மார்க் கேள்வி 14, புக் பேக் (பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற கேள்விகள்) முழுக்க மனப்பாடம். முதல் பாடம் உறவுகளும் சார்புகளும் ரொம்ப ஈஸி, அதுல அஞ்சு மார்க் ரெண்டு நிச்சயம் தேறும். மத்ததை ஏன் போட்டு அலட்டிக்கணும்?

மெக்கானிக்கல்_மணி
வேலு அண்ணே, 58 எடுக்கிற பொண்ணுக்கு 35 எடுக்க வழி சொல்றீங்க :)

சாக்பீஸ்_தூசி
வேலு சொன்னது தப்பில்லை, ஆள் மாறிப்போச்சு. 20, 25ல் நிற்கிற பிள்ளைகளுக்கு நானும் அதே வழியைத்தான் சொல்லுவேன். கவராயமும் பாகைமானியும் பிடிக்கக் கத்துக்கொடுத்து, கிராஃப் போடப் பழக்கி, ஒரு மதிப்பெண்ணை உருட்டி வச்சாலே அவங்க கரையேறிடுவாங்க. கயல் கதை வேற.

அம்மா, நீங்க எழுதினதிலேயே விடை இருக்கு. "நான் புத்தகத்தைக் கையில் வச்சுக்கிட்டு சொன்னா போட்டுடுறா." எந்தப் பக்கத்திலிருந்து சொல்றீங்க? அன்னைக்கு அவ படிச்ச பயிற்சியிலிருந்துதானே? அளவியல் படிச்ச ராத்திரி கூம்புக் கணக்கு கேட்டா, கூம்பு சூத்திரம்தான் வேணும்னு கேட்கும் முன்னாடியே அவளுக்குத் தெரியும். பயிற்சியோட தலைப்பே பாதி விடையைச் சொல்லிடுது. மீதிப் பாதியை மட்டும்தான் அவ இத்தனை மாசமா பழகியிருக்கா. வினாத்தாளில் தலைப்பு கிடையாது. எட்டுப் பாடமும் கலந்து வரும். இது எந்தப் பாடம், எந்தச் சூத்திரம், முதல் வரி என்னன்னு கண்டுபிடிக்கிற வேலையை வீட்டில் ஒரு நாள்கூட செஞ்சதில்லை. ஹாலில்தான் முதல் தடவை செய்றா. அதான் தடுமாறுறா.

பத்து தடவை எழுதச் சொல்ற விஷயம்: மூணாவது தடவைக்கு மேல கைதான் வேலை செய்யும், மூளை தூங்கப் போயிடும். விட்டுடுங்க.

நான் வகுப்பில் செய்றது இது. புத்தகத்தில் இருக்கிற எடுத்துக்காட்டு எண், பயிற்சிக் கணக்கு எண் எல்லாத்தையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுடுவோம். எட்டுப் பாடமும் ஒண்ணாக் கலந்து. தினமும் அஞ்சு சீட்டு எடுக்கணும். எடுத்ததும் கணக்குப் போடக் கூடாது. முதலில் அஞ்சுக்கும் "இது எந்தப் பாடம், முதல் வரி என்ன"ன்னு மட்டும் எழுதணும். பத்து நிமிஷ வேலை. அதுக்கப்புறம் அதில் ரெண்டையோ மூணையோ முழுசா, புத்தகத்தை மூடி வச்சு, பேனாவால் போடணும். பென்சிலும் வேண்டாம், சிலேட்டும் வேண்டாம். சீட்டை எடுத்துக் கணக்கைப் படிச்சுக் காட்ட உங்களுக்குக் கணக்கு தெரிஞ்சிருக்கணும்னு இல்லை.

கயல்_அம்மா
சார், படிக்கும்போதே புரிஞ்சது. ஒரு சந்தேகம். அவ கைடு வச்சிருக்கா. கணக்கு வரலைன்னா கைடு பார்த்து போட்டுட்டு, "இப்ப புரிஞ்சிடுச்சு"ங்கிறா. அது சரியா?

சாக்பீஸ்_தூசி
பந்தியில் அடுத்தவன் இலையைப் பார்த்துப் பசியாறின மாதிரி அது. கைடைப் பார்க்கும்போது எல்லாருக்கும் புரியும். பார்க்கட்டும், தடை இல்லை. ஆனா பார்த்த கணக்கை அன்னைக்கே போட்டு டிக் அடிக்கக் கூடாது. சீட்டை மறுபடி டப்பாவில் போட்டுட்டு, ரெண்டு மூணு நாள் கழிச்சு வெறும் தாளில் வருதான்னு பார்க்கணும். வந்தா சரி. வராட்டி மறுபடி டப்பாவுக்குள்ள.

ராதா_டீச்சர்
பேப்பர் திருத்தும் முகாமுக்குப் போய் வர்றவள் என்ற முறையில் நானும் சேர்ந்துக்கிறேன். சாக்பீஸ் சார் சொன்னது முதல் வரி. நான் கடைசி வரியைப் பற்றிச் சொல்றேன்.

புத்தகத்தில் ஒரு ரெண்டு மதிப்பெண் கணக்கு இருக்கு. கோளத்தின் புறப்பரப்பு 154 ச.மீ, விட்டம் காண்க. பிள்ளைகள் சூத்திரம் சரியா எழுதுவாங்க, பிரதியிடுவாங்க, ஆரத்தின் வர்க்கம் 12.25ன்னு கொண்டு வருவாங்க, ஆரம் 3.5ன்னு எழுதிக் கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவாங்க. கேட்டது விட்டம், 7 மீ. கணக்குத் தெரியாமல் போற மதிப்பெண்ணைவிட இப்படிப் போறதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

இன்னொண்ணு இறக்கக் கோணம். 50√3 மீ உயரப் பாறை உச்சியிலிருந்து தரையில் நிற்கிற காரை 30° இறக்கக் கோணத்தில் பார்க்கிறாங்க, கார் எவ்வளவு தூரத்தில் இருக்கு? விடை 150 மீ. நிறைய பேர் 50 மீன்னு எழுதுவாங்க. ஏன்னா 30°யை உச்சியில் பாறைச் சுவரை ஒட்டிக் குறிச்சிடுறாங்க. இறக்கக் கோணம் உச்சியில் வரையிற கிடைக்கோட்டுக்குக் கீழேதான் வரணும், அதுக்குச் சமமான கோணம் கீழே கார்கிட்ட வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கு. கோணம் 45° இருந்தா உயரமும் தூரமும் சமம். 30° அதைவிடச் சின்னது, அப்போ தூரம் உயரத்தைவிட அதிகமா இருக்கணும். பாறை கிட்டத்தட்ட 86.6 மீ. கார் 50 மீட்டரில்னா ஏதோ தப்புன்னு அங்கேயே பொறி தட்டணும்.

அதனால ஒவ்வொரு கணக்கு முடிஞ்சதும் கேள்வியின் கடைசி வரியை மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்க. கேட்டதைச் சொல்லியிருக்கேனா, அலகு போட்டிருக்கேனா, அவ்வளவுதான்.

பத்தாவது_பாவம்
டீச்சர் நானும் பத்தாவதுதான். தேற்றம் மனப்பாடம் பண்ணலாமா?? தேல்ஸ், கோண இருசமவெட்டி, பிதாகரஸ். எங்க ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிட்டு வரச் சொல்றாங்க. நடுவுல ஒரு வரி மறந்தா மொத்தமும் போகுது

ராதா_டீச்சர்
தம்பி, வரிவரியா நெட்டுரு போட்டா அப்படித்தான் போகும். படத்தை முதலில் மனசில் வாங்கு. தேல்ஸில் பக்கத்துக்கு இணையா ஒரு கோடு. இணைகோடு வந்தா ஒத்த கோணங்கள் சமம். கோணங்கள் சமம்னா முக்கோணங்கள் வடிவொத்தவை. வடிவொத்தவைன்னா பக்கங்கள் விகித சமம். பிறகு அந்த விகிதத்தைச் சுருக்கினா வேண்டியது வந்துடும். இந்தச் சங்கிலி தெரிஞ்சா வார்த்தை மாறினாலும் பரவாயில்லை. புத்தகத்தில் கூற்று, காரணம்னு ரெண்டு பத்தியா கட்டம் போட்டிருப்பாங்க பார், அதே மாதிரி எழுது. படத்துக்கு எழுத்துக் குறிக்காம விட்டுடாதே. கோண இருசமவெட்டித் தேற்றத்திலும் பிதாகரஸிலும் ஒரு கோடு கூடுதலா வரையணும், அந்த அமைப்பை எழுதாட்டி பின்னாடி வர்ற எதுவும் நிற்காது.

பத்தாவது_பாவம்
நன்றி டீச்சர் 🙏 கிராஃப் ஃபர்ஸ்ட் போடலாமா லாஸ்ட் போடலாமா

மெக்கானிக்கல்_மணி
நான் லாஸ்ட்ல வச்சேன். தயவுசெஞ்சு வைக்காதே. ஒரு மணி ஆகப்போகுதுன்னு தெரிஞ்சா புள்ளி வைக்கவே கை வராது. ஒரு மார்க் முடிச்சதும் நேரா 43, 44 போயிடு.

ராதா_டீச்சர்
இதில் மணியோட நான் ஒத்துப்போக மாட்டேன். முதலிலேயே போனா பிள்ளைகள் வளைவு அழகா வரணும்னு அழிச்சு அழிச்சு நாற்பது நிமிஷம் தின்னுடுறாங்க. ஒரு மதிப்பெண், ரெண்டு மதிப்பெண் முடிச்சிட்டு போகலாம். எதுவா இருந்தாலும் வீட்டில் எழுதிப் பார்த்து முடிவு பண்ணிக்கோ, ஹாலில் முடிவு பண்ணாதே.

சாக்பீஸ்_தூசி
எந்த இடத்தில் போட்டாலும் சரி, இருபது நிமிஷத்துக்கு மேல ஒண்ணுக்குக் கொடுக்காதே. அளவுத்திட்டம் எழுதினியா, அட்டவணை போட்டியா, அச்சுகளுக்குப் பேர் போட்டியா, தீர்வை வார்த்தையில் எழுதினியா. வளைவு கொஞ்சம் கோணலா இருந்தா யாரும் தலையை எடுக்க மாட்டாங்க. இருபடிச் சமன்பாட்டு கிராஃபில் பலர் தடுக்கி விழுற இடம் ஒண்ணே ஒண்ணு. வரையச் சொல்றது ஒரு சமன்பாடு, தீர்க்கச் சொல்றது இன்னொண்ணு. ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிச்சா ஒரு நேர்க்கோடு மிஞ்சும். அந்தக் கோட்டையும் அதே தாளில் வரைஞ்சு, வளைவை எங்கே வெட்டுதுன்னு பார்க்கணும். கழிக்கும்போது குறி மாத்த மறந்தா கோடு எங்கேயோ போயிடும்.

நேரக் கணக்கும் கேட்பீங்க, சொல்லிடுறேன். பத்து மணிக்கு வினாத்தாள். வாசிக்க பத்து நிமிஷம், விவரம் சரிபார்க்க அஞ்சு நிமிஷம், 10.15லேருந்து 1.15 வரை எழுத்து. ஒரு மதிப்பெண் பதினாலுக்கும் 15 நிமிஷம், ரெண்டு மதிப்பெண் பத்துக்கு 30, அஞ்சு மதிப்பெண் பத்துக்கு 85, கடைசி ரெண்டுக்கும் சேர்த்து 40. மொத்தம் 170. மிச்சம் பத்து நிமிஷம் திருப்பிப் பார்க்க. அஞ்சு மதிப்பெண்ணுக்கு எட்டரை நிமிஷம்தான் விழுது, கவனிங்க. வீட்டில் அரை மணி நேரம் யோசிச்சு ஒரு கணக்கைப் போட்டுட்டு "வந்துடுச்சு"ன்னா, அது பரீட்சைக்கு வந்ததா அர்த்தமில்லை.

அந்த வாசிக்கிற பத்து நிமிஷத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் வீணாக்குறாங்க. அஞ்சு மதிப்பெண் கேள்வி 14இல் நாலை விடலாம், எந்த நாலுன்னு அப்பவே முடிவு பண்ணிடணும். 28ம் 42ம் கட்டாய வினா, அதை விட முடியாது. அதுக்குப் பக்கத்தில் மனசுக்குள்ள ஒரு குறி வச்சுக்கணும்.

வெட்டிப்பேச்சு_வேலு
சார், அந்த 28, 42 பெரும்பாலும் புத்தகத்துக்கு வெளியிலேருந்துதானே கேட்கிறாங்க? அதுக்கு எப்படிப் பயிற்சி எடுக்கிறது? நான் அதை விட்டுட்டுத்தான் படிக்கச் சொல்லுவேன்.

சாக்பீஸ்_தூசி
வெளியிலேருந்துன்னு பயமுறுத்தாதீங்க வேலு. புத்தகத்துக் கணக்கையே எண்ணை மாத்தியோ, கேட்கிறதைத் திருப்பிப் போட்டோ கேட்பாங்க. கன அளவு கொடுத்து உயரம் கேட்கிற கணக்கை, உயரம் கொடுத்து ஆரம் கேட்கிற மாதிரி. சீட்டு எடுக்கும்போது வாரம் ஒரு கணக்கைப் பிள்ளையையே திருப்பி எழுதச் சொல்லுங்க. "விடை 150 மீ, பாறை உயரம் என்ன?"ன்னு அவளே கேள்வி தயாரிக்கட்டும். கேள்வி தயாரிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குக் கட்டாய வினா பூச்சாண்டி இல்லை.

திருப்பூர்_அப்பா
இடையில் வர்றதுக்கு மன்னிக்கணும். பையனுக்காகக் கடையில் பழைய வினாத்தாள் கட்டு ஒண்ணு வாங்கினேன், 2012லேருந்து இருக்கு. எல்லாத்தையும் எழுத வைக்கவா?

மெக்கானிக்கல்_மணி
வேணாம் அங்கிள், காசு போச்சு. 2019 பப்ளிக் வரைக்கும் பழைய புத்தகம், பழைய பேட்டர்ன். அப்போ ஒரு மார்க் 15, அஞ்சு மார்க்ல 9 எழுதணும், கடைசியில் பத்து மார்க் ரெண்டு. பாடமும் 12. இப்போ இருக்கிற புத்தகம் 2019-20ல் வந்தது. வந்த வருஷமே கொரோனா, 2020ல் தேர்வு ரத்து, 2021லயும் ஆல் பாஸ். புதுப் புத்தகத்துக்கு முதல் பப்ளிக் 2022 மே மாசம், அதுவும் குறைச்ச பாடத்திட்டம். நான் அந்த பேட்ச்தான். அதனால முழுப் பாடத்துக்கு நிஜமான பேப்பர் வேணும்னா 2023லேருந்து எடுங்க. ஜூன், ஜூலையில் நடக்கிற துணைத்தேர்வு பேப்பரும் உண்டு, அதை யாரும் தேடுறதே இல்லை.

ராதா_டீச்சர்
துணைத்தேர்வுத் தாள் நல்ல யோசனை மணி. எண்ணிக்கை குறைவா இருக்கிறதால அந்தத் தாள்களை இப்பவே செலவழிச்சுடாதீங்க. ஒவ்வொண்ணையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு நீளத் தேர்வா, பத்து மணிக்கு உட்கார்ந்து 1.15க்கு எழுந்திருக்கிற மாதிரி எழுதணும். ஃபோன் அடுத்த அறையில். கால்குலேட்டர் கிடையாது.

கால்குலேட்டர்னதும் ஞாபகம் வருது. முதல் 21 இயல் எண்களின் திட்ட விலக்கம்னு ஒரு ரெண்டு மதிப்பெண். 21இன் வர்க்கம் 441, ஒண்ணு கழிச்சா 440, பன்னிரண்டால் வகுத்தா 36.66, அதுக்கு வர்க்கமூலம். இங்கே வரைக்கும் எல்லாரும் வந்துடுவாங்க. 36.66க்குத் தசமத்தில் வர்க்கமூலம் எடுக்கக் கை பழகியிருக்காது, 6ன்னு எழுதி விட்டுடுவாங்க. 6.05. ஃபோனில் தட்டியே பழகின பிள்ளைகளுக்கு இது பெரிய தொல்லை. தினமும் ஒரு தசம வர்க்கமூலம் கையால் எடுக்கட்டும்.

கயல்_அம்மா
டீச்சர், ஞாயிறு எழுதினதை யார் திருத்துறது? ட்யூஷன்ல கொடுத்தா ஒரு பெரிய டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்துடுறாங்க.

ராதா_டீச்சர்
அவளே திருத்தட்டும், சிவப்புப் பேனாவால். அடுத்த நாள் திருத்தணும், எழுதின சூட்டோட இல்லை. பொதுத்தேர்வுத் தாளுக்கு விடைக்குறிப்பு வெளியாகும், அதில் எந்தப் படிக்கு எவ்வளவுன்னு இருக்கும். அஞ்சு மதிப்பெண் கணக்கில் சூத்திரம் எழுதினதுக்கு, பிரதியிட்டதுக்கு, படத்துக்கு, விடைக்குன்னு தனித்தனியா விழும். அதைப் பார்த்துப் போடும்போதுதான் படியைத் தாவி எழுதினா என்ன நஷ்டம்னு புரியும். விடை தப்பானாலும் படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும்னு தெரிஞ்சா, இடம் விட்டுட்டு வர்ற பழக்கமும் போகும். ஒரு மதிப்பெண்ணில் குறியீட்டோட விடையையும் சேர்த்து எழுதியிருக்காளான்னு மட்டும் நீங்க பாருங்க. வினாத்தாளிலேயே அப்படித்தான் கேட்டிருக்கும், ஆனா வெறும் "ஆ", "இ"ன்னு எழுதிட்டு வர்ற பிள்ளைகள் இன்னும் இருக்காங்க.

திருப்பூர்_அப்பா
டீச்சர் சொன்னது போல என் பையன்கிட்ட கேட்டேன். "விடை மட்டும் எழுதினா போதும்னு நினைச்சேன்"ங்கிறான். தலையில் அடிச்சுக்கிட்டேன்.

சாக்பீஸ்_தூசி
கயல் அம்மா, முதல் அஞ்சு சீட்டை நானே எடுத்துத் தர்றேன். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறதுதான். கயல்கிட்ட காட்டி, முதல் வரி மட்டும் எழுதச் சொல்லி இங்கே போடுங்க. புத்தகம் திறக்கக் கூடாது.

1. 10 செ.மீ, 11 செ.மீ, இப்படியே 24 செ.மீ வரை பக்கமுள்ள 15 சதுர வண்ணக் காகிதங்கள் ரேகாவிடம் இருக்கு. எவ்வளவு பரப்பை அலங்கரிக்கலாம்?
2. (8, 6), (5, 11), (–5, 12), (–4, 3) என்ற முனைகள் கொண்ட நாற்கரத்தின் பரப்பு.
3. டீச்சர் சொன்ன கோளம்.
4. டீச்சர் சொன்ன 21 இயல் எண்கள்.
5. டீச்சர் சொன்ன பாறையும் காரும், ஆனா திருப்பி. கார் 150 மீ தூரத்தில், இறக்கக் கோணம் 30°, பாறை உயரம் என்ன?

கயல்_அம்மா
(கயல் சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்)
1. தொடர்வரிசைப் பாடம். 1 முதல் 24 வரை வர்க்கங்களின் கூடுதலிலிருந்து 1 முதல் 10 வரை வர்க்கங்களின் கூடுதலைக் கழிக்கணும்.
2. ஆயத்தொலை. சூத்திரத்தில் புள்ளிகளை அப்படியே வரிசையா போடணும்.
3. அளவியல். 4 பை ஆர் ஸ்கொயர் = 154. ஆரம் கண்டுபிடிச்சு ரெண்டால் பெருக்கணும்.
4. புள்ளியியல். எண்ணோட வர்க்கத்தில் ஒண்ணைக் கழிச்சு 12ஆல் வகுத்து வர்க்கமூலம்.
5. முக்கோணவியல். டேன் 30 = உயரம் / 150.

சாக்பீஸ்_தூசி
சபாஷ் கயல். பாடம் அஞ்சும் சரி. 3, 4, 5 அப்படியே போடலாம், 5இல் 50√3 வரணும்.

2இல் "அப்படியே வரிசையா"ன்னு எழுதாதே. முதலில் ஒரு சின்ன உதவிப் படம் போட்டு, புள்ளிகள் கடிகார எதிர்த்திசையில் வருதான்னு பாரு. இந்தக் கணக்கில் அதிர்ஷ்டவசமா வருது, விடை 79 ச.அலகு. வரிசை குலைஞ்சு கொடுத்திருந்தா மாட்டிக்குவே.

1இல் கழிக்க வேண்டியது 9 வரைதான். 10 செ.மீ காகிதம் ரேகாகிட்ட இருக்கே, அதை ஏன் பிடுங்குறே? 10 வரை கழிச்சா 4900 – 385 = 4515 வரும். 9 வரை கழிச்சா 4900 – 285 = 4615. வித்தியாசம் சரியா 100, அந்தக் காகிதத்தோட பரப்பு. இந்தச் சீட்டை மறுபடி டப்பாவில் போட்டுடு, வியாழக்கிழமை எடுத்து முழுசா போடு.

பத்தாவது_பாவம்
சார் எனக்கும் அஞ்சு சீட்டு போடுங்க. அளவியல் மட்டும் வேணாம்

சாக்பீஸ்_தூசி
அப்போ அஞ்சில் ரெண்டு அளவியல்.